ஊசி கேன்சல்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு ஊசி என்றால் பயம். "கொஞ்சம் பயம்" என்றுதான் எழுதியிருந்தேன், பிறகு அடித்துவிட்டேன். இதை என் மனைவி ஸ்டெல்லா படிப்பாள், படித்துவிட்டு சிரிப்பாள், அந்தச் சிரிப்பு பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்.

பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்ததும் காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்தவன் நான். குதித்தவன் வீட்டுக்காவது போனேனா? சைக்கிளை மிதித்துக்கொண்டு பெருமுக்கல் வரைக்கும் போய், மலைக்கோயில் படியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். (நாங்கள் கத்தோலிக்கர்கள். அன்றைக்கு யார் காப்பாற்றினாலும் சரி என்கிற நிலைமையில் இருந்தேன்.)

இப்படிப்பட்டவனுக்குத் தொழில் என்ன தெரியுமா? திண்டிவனத்தில் விதைக்கடை, பூச்சிமருந்துக்கடை. "விதைநேர்த்தி பண்ணாம மல்லாட்டை போடாதீங்க, நோவு வந்தப்புறம் எங்கிட்ட வந்து அழுவாதீங்க" என்று கடைக்கு வருகிற விவசாயிகளிடம் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது பிரசங்கம் செய்வேன். (மல்லாட்டை எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை, விதைநேர்த்தி என்பது விதைக்கும் முன் விதையில் மருந்து கலப்பது.) வருமுன் காப்பதைப் பற்றி நான் பேசினால் கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். அதே வாயால்தான் வீட்டில் நான் செய்த காரியத்தையும் செய்தேன்.

எங்கள் மகள் ஜெனிக்கு மூன்று வயதானபோது சாப்பாடு என்றாலே ஓட ஆரம்பித்தாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதற்கு ஒரே வைத்தியம்தான். சாப்பிடாவிட்டால் போலீஸ் பிடித்துக்கொள்வார், பூச்சாண்டி வருவான், ஊசி போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் வாயால் மிரட்டுவதோடு விட்டுவிட்டார்கள். நான் கொஞ்சம் கலைஞன். செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன்.

"ஹலோ, ஊசி அக்காவா? ஆமாங்க, ஜெனி அப்பாதான் பேசறேன். அரை தோசை மிச்சம் வெச்சிருக்கா. ஒங்ககிட்ட எவ்ளோ பெரிய ஊசி இருக்கு? அவ்ளோ பெருசா? இருங்க இருங்க, சாப்டறாளான்னு கேட்டுச் சொல்றேன்."

தோசை காணாமல் போய்விடும். இரண்டு வருடம் இந்த நாடகம் நடந்தது. ஊசி அக்காவுக்கு நான் குணம் கொடுத்தேன், கோபம் கொடுத்தேன். ஒருமுறை அவர்கள் பஸ்ஸில் ஏறி கூட்டேரிப்பட்டு வரைக்கும் வந்துவிட்டதாகக்கூடச் சொல்லி ஒரு கிண்ணம் பருப்புச் சாதத்தை உள்ளே தள்ளியிருக்கிறேன்.

ஸ்டெல்லா பள்ளிக்கூட டீச்சர். எதையும் நேராகப் பார்ப்பாள், நேராகச் சொல்வாள். "ஏங்க, நாளைக்கு நெஜமாவே ஊசி போடற நாளு வந்தா என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"அத அப்போ பாத்துக்கலாம்" என்றேன். (என் வாழ்க்கையில் நடந்த எல்லா விபத்துக்கும் முன்னால் இந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்கிறேன்.)

அந்த நாள் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஐந்து வயசு ஊசி பாக்கி இருந்தது. ஜெனி பிறந்தது ஸ்டெல்லாவின் ஊரான விழுப்புரத்தில். அதுவரை போட்ட ஊசி எல்லாம் அங்கே ஒரு சுகாதார நிலையத்தில் ஒரே சிஸ்டர் கையால் போட்டதுதான். அவர்கள் கை லேசு என்பது ஸ்டெல்லாவின் நம்பிக்கை. அந்தச் சமயங்களில் எல்லாம் நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? வெளியே, வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் திருடிவிடக் கூடாதே.

"புதன்கிழமை போடறாங்க" என்றாள் ஸ்டெல்லா.

"யாருக்கு?" என்றாள் ஜெனி.

"ஒனக்குத்தான் கண்ணு" என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டாள். அவளுக்கு எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

ஜெனி அழுவாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் அழவில்லை. வாயில் இருந்த இட்லியை விழுங்கினாள், தட்டில் இருந்த இன்னொன்றையும் விழுங்கினாள். மதியம் பீன்ஸ் பொரியலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நானே ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்திருக்கிற கேப்பைக் களியை வழித்துச் சாப்பிட்டாள். வாசலில் இருந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கினாள். சாயங்காலம் ஜெபம் சொல்லும்போது தன் முறை வந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஏசப்பா, பென்சில் கடிச்சதுக்கு மன்னிச்சிடு, பக்கத்து வூட்டு சோபியாவ கிள்ளினதுக்கு மன்னிச்சிடு, பால செடிக்கு ஊத்தினதுக்கு மன்னிச்சிடு" என்று வரிசையாகச் சொன்னாள். (பால் விஷயம் எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தச் செம்பருத்தி ஏன் அப்படிச் செழித்தது என்பதும்.)

ஜெபம் முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"அப்பா, நான் எல்லாத்தயும் சாப்டுட்டேன். செருப்புகூட அடுக்கிட்டேன். ஊசி அக்காவுக்கு போன் பண்ணி ஜெனி நல்ல பொண்ணா ஆயிட்டான்னு சொல்லு."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. புத்தியுள்ள தகப்பன் குழந்தையை மடியில் உட்காரவைத்துச் சொல்லியிருப்பான். என் கை சட்டைப் பைக்குப் போனது.

"ஹலோ, ஊசி அக்காவா? ஜெனி ரொம்ப நல்ல பொண்ணா ஆயிட்டாங்க. ஆமா. புதன்கிழமை ஊசி வேணாம். கேன்சல் பண்ணிடுங்க."

ஜெனி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சுமார் பத்து விநாடி அந்த மாவட்டத்திலேயே சந்தோஷமான தகப்பன் நான்தான். பிறகு தலையைத் தூக்கினேன். சமையலறை வாசலில் கரண்டியோடு ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள்.

ஜெனியைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டுத்தான் பேசினாள்.

"கேன்சலா? நாளைக்கு கக்குவான் வந்தா, தொண்ட அடைப்பான் வந்தா, அப்பவும் போன் பண்ணி கேன்சல் பண்ணுவீங்களா?"

"இல்ல ஸ்டெல்லா, பாவமா இருந்துச்சி…"

"பாவம்தாங்க. அவ என்னா நெனச்சிக்கினு இருக்கா தெரியுதா ஒங்களுக்கு? தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், அதுக்கு தண்டன இதுன்னு நெனச்சிக்கினு இருக்கா. அஞ்சு வயசு புள்ள பாவசங்கீர்த்தனம் பண்ணுது, நீங்க போன்ல நடிச்சிக்கினு இருக்கீங்க." கரண்டியை வைத்தாள். "எனக்கு புதன்கிழமை பரிட்ச டியூட்டி. லீவு கெடைக்காது. நீங்கதான் கூட்டிக்கினு போறீங்க. போறதுக்கு முன்னாடி நீங்களே நெஜத்த சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். ஒருவாட்டி உங்கமேல நம்பிக்க போச்சின்னா அப்புறம் வராதுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் என் தூக்கத்தைத் தின்றது. திங்கட்கிழமை கடையில் ஒருவர் வேப்பம்புண்ணாக்கு கேட்டார், நான் களைக்கொல்லியை எடுத்துக் கொடுத்தேன். நல்லவேளை, அவருக்குப் படிக்கத் தெரியும்.

வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் செல்போனில் தேடினேன். குழந்தைக்கு ஊசி போடும் முன் பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு டாக்டரம்மா வீடியோவில் பொறுமையாகச் சொன்னார்கள். உண்மையைச் சொல்லுங்கள். வலிக்காது என்று சொல்லாதீர்கள். ஊசியை வைத்து மிரட்டாதீர்கள். (இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு டீ குடிக்கப் போனேன்.) வீட்டில் டாக்டர் விளையாட்டு விளையாடிப் பழக்குங்கள். எந்தக் கையில் போடலாம் என்று குழந்தையையே கேளுங்கள். ஊசி போடும்போது மூச்சை நீளமாக ஊதச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரு பூச்சிமருந்து நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அதில் சுலபமானது விளையாட்டுதான். அதனால் அதிலிருந்து ஆரம்பித்தேன். உண்மையை அப்புறம் பார்த்துக்கலாம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு டாக்டர் செட் வாங்கிக்கொண்டு போனேன். நான் நோயாளி, ஜெனி டாக்டர். பிளாஸ்டிக் ஊசியை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"வலிச்சுதா?"

"இல்லியே. வலிக்கவே இல்ல."

மறுபடி அழுத்தினாள். "இப்ப?"

"ம்ஹூம். ஊசின்னா இவ்ளோதான். நானும் என்னமோன்னு நெனச்சேன்."

வீடியோ டாக்டரம்மா சொல்லக் கூடாது என்றதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. ஜெனி பிளாஸ்டிக் ஊசியின் நுனியைத் தன் விரலில் குத்திப் பார்த்தாள். அது மொட்டை. எழுந்து உள்ளே போனாள். கட்டிலுக்கு மேலே கொசுவலையை மாட்டியிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு நோயாளியாக முனகிக்கொண்டிருந்தேன், நடிப்பில் அவ்வளவு ஈடுபாடு.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஊக்கு தோளுக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தது. ரத்தம் வந்தது. ஜெனி பயந்துபோய் இரண்டடி பின்னால் போனாள்.

"வலிக்காதுன்னு நீதானே சொன்ன" என்றாள்.

ஸ்டெல்லா ஓடிவந்தாள். என்னைப் பார்க்கவில்லை, ஊக்கைப் பார்த்தாள். நல்ல துரு.

"டி.டி. ஊசி போட்டு எத்தினி வருஷம் ஆச்சி?"

நான் பெருமுக்கல் திசையைப் பார்த்தேன்.

"சரி, நாளைக்கு ரெண்டு பேருக்கும் சேத்து போட்டுக்கினு வந்துடுங்க" என்று ஸ்டெல்லா மெதுவாக என்னிடம் மட்டும் சொன்னாள். "நெஜத்த சொன்னீங்களா?"

"சொல்லிக்கினே இருக்கேன்" என்றேன்.

அன்றைக்கு எனக்கு வந்த யோசனை, நான் செய்ததிலேயே கீழ்த்தரமானது. புதன்கிழமை காலையில் ஜெனியிடம் சொன்னேன்: "அப்பாவுக்கு விழுப்புரத்துல ஊசி போடணும். நீ தொணைக்கு வர்றியா?" பொய் இல்லை, பாருங்கள். பாதியை மட்டும் விட்டுவிட்டேன்.

அவள் அதை எவ்வளவு பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டாள் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தன் பையில் தண்ணீர் பாட்டில் வைத்தாள், பிஸ்கட் வைத்தாள், நான் அழுதால் துடைக்க ஒரு கர்ச்சீப் வைத்தாள். எனக்குச் செருப்பு எடுத்துப் போட்டாள்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள். (ஜெனி ஜன்னல் சீட்டை யாருக்கும் கொடுத்ததாக வரலாறு கிடையாது.) கூட்டேரிப்பட்டு வரட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு விழப்போகிற ஊசி ஒரு பக்கம், அவளிடம் சொல்ல வேண்டியது இன்னொரு பக்கம்.

"பயப்படாதப்பா. நான் இருக்கேன் இல்ல?" என்றாள் ஜெனி, என் கையைத் தடவிக்கொண்டே.

முன் சீட்டில் மல்லாட்டை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். "என்னா பாப்பா, அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"ஊசி போடப் போறோம். பயப்படறாரு."

"அய்ய, எவ்ளோ பெரிய ஆளு. வலிக்காதுப்பா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்றார் அந்த அம்மா என்னிடம்.

"ஆமா சார், ஒண்ணுமே இருக்காது" என்றார் பின் சீட்டுக்காரர்.

"நானெல்லாம் பைக்குல வுழுந்து எட்டு தையல் போட்டப்போகூட…" என்று ஆரம்பித்தார் கண்டக்டர். அவரை யாரும் கேட்கவில்லை.

ஜெனி மட்டும் அவர்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாள்: "அவங்க சும்மா சொல்றாங்க. வலிக்கும். நேத்து ஊக்குக்கே வலிச்சுது இல்ல? ஆனா வலி போயிடிச்சி பாரு."

கூட்டேரிப்பட்டு வந்தது, போனது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றது, வாயைத் திறந்தேன், ஜெனி அதற்குள் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டாள். "சாப்புடுப்பா. சாப்புட்டா ஊசி அக்கா சின்ன ஊசியா போடுவாங்க." அதை மென்று முடிப்பதற்குள் டோல்கேட்டும் போய்விட்டது.

சுகாதார நிலையத்தில் பத்துப் பதினைந்து தாய்மார்கள், எல்லார் மடியிலும் கைக்குழந்தை. உள்ளே போகிற குழந்தை சிரித்துக்கொண்டு போகும், கதவுக்குப் பின்னால் ஒரு வீறல் கேட்கும். ஒவ்வொரு வீறலுக்கும் நான் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முன்னால் போனார்கள். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒரு குரல். இன்னும் ஒரு குழந்தை போகட்டும் என்று இன்னொரு குரல்.

கடைசியில் சிஸ்டரே அட்டையோடு வெளியே வந்து கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும், அவசரமே இல்லாத ஆள். எங்களை உள்ளே அழைத்துப் போய் அட்டையைப் பார்த்தார்கள்.

"ஜெனிபர். அஞ்சு வயசு ஊசி. எவ்ளோ ஒசரமா வளந்துட்ட. வாம்மா, ஒக்காரு."

"எனக்கு கேன்சல் ஆயிடிச்சி" என்றாள் ஜெனி தெளிவாக. "எங்கப்பாவுக்குத்தான் ஊசி."

"கேன்சலா? யாரு பண்ணாங்க?"

"நீங்கதான். நீங்கதானே ஊசி அக்கா? ஞாயித்துக்கெழம எங்கப்பா போன் பண்ணாரே."

சிஸ்டர் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. இருபது முப்பது வருஷத்தில் என்னைப் போல எத்தனை தகப்பன்களைப் பார்த்திருப்பார்களோ. ஆனாலும் அவர்கள் எனக்காகப் பொய் சொல்லவில்லை.

"எனக்கு யாரும் போன் பண்ணலியே பாப்பா. ஒங்கப்பா கிட்ட என் நம்பரே கெடையாது."

ஜெனி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறந்தேன். அந்த நொடியில் உண்மையைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருந்தேன் போலிருக்கிறது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"எனக்கு மொதல்ல போட்டுடுங்க சிஸ்டர்."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நானே போய் உட்கார்ந்தேன். சுவர் ஏறிக் குதித்தவன், பிள்ளைக்கு முன்னால் பேச வேண்டியதிலிருந்து தப்பிக்க ஊசிக்குக் கையை நீட்டினேன். ஸ்பிரிட் வாசனை வந்தது. காதுக்குள் 'நொய்ங்' என்றது. என்னவோ இறங்கியது. "முடிஞ்சிது சார், கொஞ்ச நேரம் ஒக்காருங்க" என்று சிஸ்டர் சொன்னார்கள்.

உட்கார்ந்திருக்கலாம். நான் வீரனாக எழுந்தேன். இரண்டடி நடந்தேன். மூன்றாவது அடிக்குத் தரையைக் காணவில்லை. கையில் அகப்பட்ட பச்சைத் திரையைப் பிடித்தேன், திரை, கம்பி, ஸ்டாண்டு எல்லாம் என்னோடு கிளம்பி வந்தன. திரைக்கு அந்தப் பக்கம் மாத்திரை கொடுக்கிறவர் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. எலுமிச்சம்பழச் சாதம். தாளிப்பு நன்றாகவே இருந்தது, என் தலைமுடியில்.

கண்ணைத் திறந்தபோது தரையில் படுத்திருந்தேன். காலை ஒரு நாற்காலி மேல் தூக்கிவைத்திருந்தார்கள். கதவு முழுக்க தாய்மார்கள் முகம். ஜெனி தடுப்பூசி அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். எனக்காகக் கொண்டுவந்த கர்ச்சீப் இன்னொரு கையில் தயாராக இருந்தது.

"அப்பா, செத்துட்டியா?"

"இல்ல கண்ணு."

"வலிச்சுதா?"

"வலிக்கல வலிக்கல" என்று கதவிலிருந்து இரண்டு மூன்று குரல்கள் எனக்காகப் பதில் சொல்லின.

அந்தக் கர்ச்சீப்பைப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"வலிச்சுது" என்றேன். "கொஞ்சம்தான் வலிச்சுது. பயம்தான் ரொம்ப. ஜெனி, ஊசி அக்கான்னு ஒருத்தரும் கெடையாது. போன்ல யாரும் இல்ல. அப்பா சும்மா பேசினேன்."

விசிறல் நின்றது. "எல்லா வாட்டியுமா?"

"எல்லா வாட்டியும்."

"அப்ப கேன்சலு?"

"அதுவும் பொய்தான். ஒனக்கும் இன்னிக்கி ஊசி இருக்கு."

அவள் அட்டையை என் நெஞ்சின்மேல் வைத்தாள். எழுந்து போய் சுவர் ஓரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "படுங்க சார்" என்று சிஸ்டர் அதட்டினார்கள். அதனால் என் வாழ்க்கையின் முக்கியமான பேச்சை மல்லாந்து படுத்துக்கொண்டு, தலையில் கடலைப்பருப்போடு, பத்துப் பேர் கேட்க, எட்டடி தள்ளி நின்ற முதுகைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"ஜெனி, நீ ஒரு தப்பும் பண்ணல. பென்சில் கடிச்சதுக்கு இல்ல, பாலு ஊத்தினதுக்கு இல்ல. தப்பு பண்ணவங்களுக்குப் போடறது இல்ல இது."

முதுகு பேசியது. "பின்ன எதுக்கு?"

எனக்குத் தெரிந்தது ஒரே பிரசங்கம்தான். "நம்ம கடையில மல்லாட்டைக்கு மருந்து கலந்து குடுக்கறோமே, வெதைக்கிறதுக்கு முன்னாடி?"

"ரோஸ் கலரு."

"அதேதான். அந்த மல்லாட்ட என்னா தப்பு பண்ணிச்சி?"

முதுகு கொஞ்சம் யோசித்தது. "ஒண்ணும் பண்ணல. வேரு அழுகாம இருக்கத்தான் கலக்கறது." (விவசாயிகளைவிட அவள்தான் என் பிரசங்கத்தைக் கவனித்துக் கேட்டிருக்கிறாள்.)

"இதுவும் அப்பிடித்தான். நோவு வராம இருக்க. மத்தபடி ஒம்மேல யாருக்கும் கோவம் இல்ல."

பாதி திரும்பினாள். கண் முழுக்கத் தண்ணீர். "மல்லாட்டைக்கு வலிக்காது. எனக்கு வலிக்குமில்ல?"

கதவில் நின்றிருந்த அத்தனை பேரும் 'வலிக்காது' என்று சொல்ல வாயெடுத்தார்கள். நான் முந்திக்கொண்டேன். "வலிக்கும்."

"ஊக்கு மாதிரியா?"

"அதவிடக் கம்மி. ஒண்ணு ரெண்டு மூணு எண்ணறதுக்குள்ள முடிஞ்சிடும். சாயந்தரம் கை கனமா இருக்கும். ஜொரம் வந்தாலும் வரும். ரெண்டு நாள்ல போயிடும்."

அவள் என்னை விட்டுவிட்டு சிஸ்டரிடம் போனாள். நான் சொன்னதைச் சரிபார்க்க. "எங்கப்பா சொல்றது நெஜமா?"

"நெஜம்தான் பாப்பா" என்றார்கள் சிஸ்டர். "இந்த வாட்டி நெஜத்ததான் சொல்றாரு."

"அழலாமா?"

"தாராளமா அழலாம். கைய மட்டும் ஆட்டக் கூடாது. எந்தக் கையில போடட்டும், நீயே சொல்லு."

"பீச்சாங்கை" என்றாள். சோற்றுக் கை சாப்பிட வேண்டுமே.

நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் தரையில் ஊர்ந்து போய் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன், அது மட்டும்தான் எனக்கு எட்டியது. அவள் உதறவில்லை. அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊதச் சொன்னேன். ஊதினாள். ஊசி இறங்கியதும் ஊதலை நிறுத்திவிட்டு வாய் முழுக்கத் திறந்து அழுதாள், வெளியே தெருவில் கேட்கிற அழுகை. ஆனால் அந்தக் கை அசையவில்லை. நானும் சேர்ந்து அழுதேன். ஒரு தாய் தன் குழந்தையின் துண்டை எனக்குக் கொடுத்தாள்.

அழுது முடித்ததும் ஜெனி கேட்டது ஒன்றுதான்: "மூணு எண்ணறதுக்குள்ள முடிஞ்சிடிச்சி இல்ல?" சிஸ்டரைத்தான் கேட்டாள். என்னை இல்லை. மாத்திரைக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மிச்ச சாதத்தைப் பார்த்துக்கொண்டே பரவாயில்லை என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவளே எடுத்துக்கொண்டாள். பேசவில்லை. விழுப்புரம் தாண்டியும் பேசவில்லை. ஸ்டெல்லா சொன்னது நடந்துவிட்டது, இனி இந்தப் பிள்ளை என்னை எதிலும் நம்பாது என்று உட்கார்ந்திருந்தேன். டோல்கேட்டில் பஸ் நின்றபோது மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா."

"சொல்லு கண்ணு."

"இனிமே நீ போன் பண்ணா ஸ்பீக்கர்ல போடு."

சரி என்றேன். திண்டிவனம் வருவதற்குள் என் மடியில் தூங்கிவிட்டாள். ஊசி போட்ட கை மேல் படாமல் அவளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். எனக்கும் அதே கைதான் வலித்தது.

ஆயிற்று நான்கு வருடம். இன்றைக்கும் வீட்டில் நான் ஸ்பீக்கரில்தான் பேசுகிறேன். உர கம்பெனிக்காரர் என்னைத் திட்டுவது தெருவுக்கே கேட்கிறது. எலுமிச்சம்பழச் சாதம் செய்கிற அன்றெல்லாம் ஸ்டெல்லா விருந்தாளிகளுக்கு இந்தக் கதையை முதலிலிருந்து சொல்வாள். என் பங்கை நடித்துக் காட்ட ஒரு நாற்காலியைக்கூடக் கவிழ்ப்பாள்.

போன மாதம் எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்கப் போனோம். ஜெனி கூட வந்தாள். இப்போது ஒன்பது வயது. ரத்தம் எடுக்கிற பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார், வலிக்கவே வலிக்காது" என்றான்.

"அண்ணா, அப்பிடி சொல்லாதீங்க" என்றாள் ஜெனி. "அவரு படுத்துக்கட்டும். அப்புறம் எடுங்க."

பெஞ்சில் படுத்தேன். பக்கத்தில் வந்து நின்று என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, கொஞ்சம் வலிக்கும். கொஞ்சம்தான். எண்ணிக்கோ."

அவள் சொன்னால் நான் நம்புவேன். எண்ண ஆரம்பித்தேன்.